காஸ் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதம்

1989 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் காஸை வெட்டினார்கள். வெட்டியவன் வந்தது பகல் ஒன்று பத்துக்கு. நேரத்தை அவனே ஓர் அட்டையில் எழுதி, கதவில் கடிதம் போடும் துவாரத்தால் உள்ளே தள்ளிவிட்டுப் போயிருந்தான். நான் வேலை முடிந்து வந்து அதைப் பொறுக்கியது நாலரை மணிக்கு. வாசலுக்கு வெளியே சுவரோடு இருந்த மீற்றர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குழாயின் வாயை ஒரு மூடியால் இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டி முத்திரையும் வைத்திருந்தான். அட்டையில் எழுதியிருந்த காரணம் இரண்டே சொல்: வீடு காலி.

அந்தக் காலி வீட்டின் குசினியில், காலையில் நான் தேநீர் குடித்த கோப்பை கழுவாமல் கிடந்தது. மாடியில் கட்டில் விரித்திருந்தது. சின்ன அறையில், இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிப் பொருத்திய தொட்டில் நின்றது.

தொட்டிலுக்கு உரியவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் மகள் ஒக்டோபர் தொடக்கத்தில், ஏழு வாரம் முந்திப் பிறந்தவள். முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பிறகு வெளியிலுமாக ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்துகொண்டிருந்தாள். என் மனைவி ஒவ்வொரு நாளும் காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வரை அவளோடு இருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வார்டுக்குப் பொறுப்பான தாதி சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. வியாழன் பகல் இரண்டு மணிக்கு, வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் அரசுத் தாதியான ஹெல்த் விசிட்டர் வந்து, குழந்தை படுக்கும் அறை போதிய சூடாக இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பார். அவர் கையெழுத்து வைத்தால் குழந்தை வரும். வைக்காவிட்டால் வராது.

இரவல் மின்சார ஹீற்றர் ஒன்று போதாதா என்று அன்று பின்னேரமே தாதியிடம் கேட்டுப் பார்த்தேன். இரவல் ஹீற்றரும் மண்ணெண்ணெய் ஹீற்றரும் கணக்கில் வராது, வீட்டுக்குரிய வெப்பமூட்டல் வேலை செய்ய வேண்டும், குழாயில் சுடுதண்ணீர் வர வேண்டும் என்றார் தாதி. அதற்கு காஸ் வேண்டும்.

இந்தக் கூத்துக்குக் காரணம் நான்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால் மற்றவர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் வீடு மாறிய முறை ஒன்று உண்டு. ஒரு வீட்டை முதலில் எடுத்தவர் யாரோ, அவருடைய பெயரிலேயே வாடகைப் புத்தகம், காஸ், மின்சாரம் எல்லாம் இருக்கும். ஆள் கனடாவுக்குப் போய்விடுவார், பெயர் போகாது. அடுத்து வருகிறவர் வாசற்கதவுத் திறப்போடு அந்தப் பெயரையும் வாங்கிக்கொள்வார். தவணை தவறாமல் கட்டுவார். யாராவது கதவைத் தட்டிக் கேட்டால், "ஓம், நான்தான் அவர்" என்பார். இதில் களவு எதுவும் இல்லை. தஞ்சம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களுக்குத் தங்கள் பெயரைப் புதிதாக எந்த அலுவலகத்திலும் பதியப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தது செப்டெம்பரில்; அதே பெயருக்குள் வந்த மூன்றாவது குடும்பம். வீட்டைக் கைமாற்றித் தந்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் அண்ணை, கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செற்றில் வேலை செய்தவர். திறப்பைத் தரும்போதே, "தம்பி, பேரை மட்டும் தொடாதையும்" என்று சொல்லித்தான் தந்தார்.

நான் தொட்டேன். மகள் பிறந்த நாலாம் நாள் பிறப்பைப் பதியப் போனபோது, பதிவாளர் என் பெயரை முழுதாக, கேட்டுக் கேட்டு, கறுப்பு மையில் எழுதினார். இந்த நாட்டில் யாரும் அதை அவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை. வீட்டுக்கு வந்தால் வாசலில் காஸ் பில் கிடந்தது, நான் ஒருநாளும் கண்டிராத ஒருவரின் பெயரில். வெட்கமாக இருந்தது. குழந்தை வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்காக்குவோம் என்று காஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்.

நான் பள்ளிக்கூட நாட்களிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். வரலாற்றுப் புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தவன். எதைச் சொன்னாலும் முதலிலிருந்து, திகதி வரிசையில்தான் எனக்குச் சொல்ல வரும். கடிதத்தின் முதற் பந்தியில், காஸ் கணக்கைத் தன் பெயரில் வைத்திருந்த கணக்குக்காரர் வீட்டை விட்டுப் போனது எப்போது. இரண்டாம் பந்தியில், அவருக்குப் பின் வந்த குடும்பம் எப்போது வந்து எப்போது ஹவுன்ஸ்லோவுக்குப் போனது. நானும் மனைவியும் வந்தது மூன்றாம் பந்தியில், அதாவது தாளின் மறுபக்கத்தில். காஸ் கம்பெனியில் கடிதம் பிரிக்கிறவருக்குத் தாளைத் திருப்ப நேரமில்லை. கணக்குக்காரர் போய்விட்டார். வீடு காலி. வெட்டு.

திங்கள் பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் குழந்தையின் கம்பளிக் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் உங்களைக் கடிதம் எழுதச் சொன்னது?"

"எல்லாம் ஒழுங்காய் இருக்கட்டும் எண்டுதான்."

"ஒழுங்கு! அப்ப வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தையே கொண்டு வாங்கோ, பிள்ளையை அதாலை சுத்திக்கொண்டு போவம். எத்தினை பக்கம்?"

"ரெண்டு."

"காணும். காலும் மூடும்."

அவள் காலுறைகளைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, தெருமுனை ரெலிபோன் பெட்டியிலிருந்து கம்பெனிக்கு எடுத்தேன். பதினெட்டு நிமிடம் சங்கீதம் போட்டார்கள். பிறகு ஓர் இளைஞன் வந்து, கணக்குக்காரருடன் மட்டும்தான் பேச முடியும் என்றான். அவர் கனடாவில் என்றேன். அப்படியென்றால் அவரை எடுக்கச் சொல்லுங்கள் என்றான். வீட்டில் இருப்பது நாங்கள், எங்களுக்குக் குளிர்கிறது என்றேன். எங்கள் பதிவின்படி அந்த வீட்டில் யாரும் இல்லை என்றான். என்னோடு பேசிக்கொண்டே சொன்னான்.

நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து சாரம் கட்டியபடி சோபாவில் இருந்தார். சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார்.

"உமக்கு விசரே? நாலு வருசமாய் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடின வீடு. ஆரைக் கேட்டு எழுதினனீர்?"

"உண்மையைத்தான் எழுதினனான், அண்ணை."

"உண்மையை எழுதுறதெண்டால் உம்மட டயறியிலை எழுதும். காஸ்காரனுக்கு ஏன்? இனிப் பாரும், குளிர் வீடெண்டு அந்த ஹெல்த் விசிட்டர் எழுதிக்கொண்டு போனால் கவுன்சில் வந்து பிள்ளையை எடுத்துப்போடும்."

அது உண்மையல்ல என்று இன்று தெரியும். அன்று தெரியாது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே எழும்பினார்.

"சரி, தள்ளும். நான் அவராய்க் கதைக்கிறன்."

ரெலிபோனை எடுத்து, மார்பை நிமிர்த்தி, கனடாவுக்குப் போனவரின் பெயரைத் தன் பெயராகச் சொன்னார். தான் திரும்பி வந்துவிட்டதாகவும், கனடாவில் குளிர் தாங்கவில்லை என்றும் சொன்னார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அண்ணை வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"நான் எப்ப இந்த வீட்டுக்கு வந்தனான்?"

எனக்கு அது தெரியும். கடிதம் எழுதுவதற்காக விசாரித்துக் குறித்துவைத்திருந்தேன். சொன்னேன். அவர் அதை அப்படியே ஒப்பித்தார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரெலிபோனை வைத்தார்.

"பாஸ்போட்டோடை கவுண்டருக்கு வரட்டாம்" என்றார். "இனி நீர்தான் போகவேணும். உம்மடை பேரோடை."

புதன் காலை ஷிப்டை விட்டுவிட்டு, இல்போர்டில் கம்பெனியின் காட்சியறைக்குப் போனேன். முன்பக்கத்தில் புத்தம்புது அடுப்புகள் வரிசையாக நின்றன. பின்னால் கவுண்டர். காத்திருந்தவர்களில் நான் பதினோராவது. என் முறை வந்தது பதினொன்றே காலுக்கு. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்த வீட்டில் நீங்கள் இருப்பதற்கு அத்தாட்சி காட்டுங்கள் என்றாள்.

வாடகைப் புத்தகம் கனடாக்காரர் பெயரில். உள்துறை அமைச்சு தந்த கடிதத்தில் என் படம் இருந்தது, ஆனால் விலாசம் முன்பு இருந்த அறையினுடையது. சம்பளச் சீட்டில் விலாசமே இல்லை. கடைசியில் என் நாட்குறிப்பை எடுத்து வைத்தேன். செப்டெம்பரில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியது. எந்த நாள் மழை, எந்த நாள் போயிலர் இரைந்தது, எந்த நாள் காஸ் பில் கட்டினேன், எல்லாம் அதில் இருந்தது. அவள் இரண்டு பக்கம் புரட்டினாள். தமிழ் எழுத்தைப் பார்த்தாள். "அழகாக இருக்கிறது, அன்பரே. ஆனால் இது அத்தாட்சி இல்லை" என்றாள்.

அப்போதுதான் கத்தினேன். இங்கிலாந்துக்கு வந்து மூன்று ஆண்டில் ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. தொழிற்சாலை மேலாளர் என் பெயரைக் கடித்துத் துப்பியபோதும், பஸ்ஸில் ஒருவன் தள்ளியபோதும் பேசாமல் இருந்தவன். இப்போது அடுப்புகளுக்கு நடுவே நின்று, நான் இல்லாத வீட்டில் யார் உங்கள் காஸை எரித்தது, இல்லாதவனிடமா பணம் வாங்கினீர்கள், என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கையில் இருந்த கோப்பினைக் கவுண்டரில் போட்டேன். அது திறந்து, தாள்கள் சிதறின.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை விரலால் இழுத்தாள். "இது என்ன?"

மகளின் பிறப்புச் சான்றிதழ். அதை நான் காட்ட நினைக்கவே இல்லை. அது குழந்தையினுடையது, காஸ் கம்பெனிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அவள் அதில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். தகப்பன் பெயர், தொழில். கீழே தகவல் தந்தவரின் வழக்கமான விலாசம். அதே வீட்டு இலக்கம், அதே தெரு, பதிவாளரின் கறுப்பு மையில்.

"இதை ஏன் முதலில் தரவில்லை?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. பிரதி எடுத்துக்கொண்டு, நாளைக் காலை எட்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் ஆள் வரும் என்றாள்.

எல்லாத் தாளையும் அடுக்கி வைத்திருக்கிறவன் என்று பெயரெடுத்த நான், அந்த ஒரு தாளைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் குளிரில் கிடந்திருக்கிறேன். வீட்டுக்கு நடந்து வரும்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆகவே எல்லார் மேலும் கோபப்பட்டேன்.

வியாழன் எட்டு மணியிலிருந்து ஜன்னலடியில் நின்றேன். பன்னிரண்டு நாற்பதுக்கு வான் வந்தது. வந்தவன் முத்திரையை வெட்டி, மூடியைக் கழற்றி, போயிலரை மூட்ட உள்ளே வந்தான். மேசையில் கிடந்த அட்டையைக் கண்டு, "அட, என் கையெழுத்து" என்றான்.

"வெட்ட முன் கதவைத் தட்டினாயா?" என்று கேட்டேன்.

"காலி வீட்டை யார் தட்டுவார்கள்?" என்றான். உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் சொன்னான்.

ஹெல்த் விசிட்டர் சரியாக இரண்டுக்கு வந்தார். வெப்பமானியைத் தொட்டில் பக்கத்தில் வைத்தார். மூன்று நாள் குளிர்ந்த சுவர் ஒரு மணித்தியாலத்தில் சூடாகாது. அவர் முகத்தைச் சுருக்கினார். நான் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை கடைசியிலிருந்து தொடங்கினேன். கேட்டுவிட்டு அவர் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "தேநீர் தருவீர்களென்றால் காத்திருக்கிறேன்" என்றார். இரண்டு கோப்பை குடித்தார். ரேடியேற்றர் குழாய்கள் சுவருக்குள் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தன. மூன்று இருபத்தைந்துக்கு வெப்பமானியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, மடியில் வைத்த தாளில் கையெழுத்திட்டார்.

வெள்ளி பகல் மகள் வந்தாள். மனைவி அவளைத் தொட்டிலில் போட முன், தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். 

பத்து நாள் கழித்து காஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முதல் முறையாக என் பெயரில். உங்கள் புதிய வீட்டுக்கு நல்வரவு, நீங்கள் குடிவந்ததை அறிந்து மகிழ்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். குடிவந்த நாள் என்று அந்த வியாழக்கிழமையைப் போட்டிருந்தார்கள். செப்டெம்பரும் ஒக்டோபரும், மூடிய குழாயோடு இருந்த அந்த மூன்று நாளும் எங்கும் இல்லை. எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. தாளை எடுத்தேன். திகதி போட்டேன். "ஐயா" என்று தொடங்கினேன்.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"ஆருக்கு எழுதுறியள்?"

"திகதி பிழையாய்ப் போட்டிருக்கிறாங்கள்."

"இஞ்சை தாங்கோ."

பேனையை என் விரல்களிலிருந்து உருவி எடுத்தாள். தொட்டிலில் மடித்திருந்த துணிகளுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு, மேலே குழந்தையைக் கிடத்தினாள்.