உழுதவர் பேரில் மூன்று மா

கருமாதிப் பத்திரிகையில் அச்சகக்காரர் ‘நிலக்கிழார் மருதையன்’ என்று போட்டுவிட்டார். பிழை. மருதையன் பேரில் ஒரு குழி நிலம்கூட ஒருநாளும் இருந்ததில்லை. அவர் பேரில் பதிவாகியிருக்க வேண்டிய மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கர் சாகுபடியை, அவரே வேண்டாமென்று சொன்னார். 1972-ல், வலங்கைமான் யூனியன் ஆபீசில், ஊர் பார்க்கச் சொன்னார். எழுபத்தெட்டு வயதில், சென்ற மாதம் பதினேழாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு இறந்தார். பத்திரிகையில் சரியாக இருப்பது அந்தத் தேதி மட்டும்தான்.

பிறந்தது 1933. அப்பா ஐயாவு, சிங்காரவேலுவின் பண்ணையில் ஆள். மருதையன் பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். சிங்கப்பூரில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில், கிரேனுக்குக் கை காட்டும் வேலை கிடைத்தது. மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கை காட்டுகிறவர்தான் அவருக்குக் கண். மருதையன் கையை நீட்டி அசையாமல் பிடித்தால் ஐந்து டன் இரும்பு அந்தரத்தில் நிற்கும். பெரிய துரை குறுக்கே வந்தாலும் அந்தக் கை இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் சீனர் ஒருவரின் காப்பிக் கடைக்குப் போனார். குடித்து முடித்ததும், ஊர் வழக்கப்படி, கிளாஸைக் கழுவி வைக்க எடுத்துக்கொண்டு வெளியே குழாயைத் தேடினார். கிளாஸைத் திருடுகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் துரத்திக்கொண்டு வந்தார். விஷயம் புரிந்ததும் கிளாஸைப் பிடுங்கி, தலையில் அடித்துக்கொண்டு, தானே கழுவினார். அதே கிளாஸில் அடுத்த ஆளுக்குக் காப்பி போனது. மருதையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

1960-ல் லீவில் வந்து பொன்னுத்தாயைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். எழுதத் தெரியாது. நாகூரிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடை நடத்திய ரசியா பேகம்தான் கடிதம் எழுதித் தருவார்.

“சொல்லுங்க தம்பி.”

“பொன்னுத்தாய், நீ சொகமா இருக்கியா…”

“நீயா? கட்டுன பொஞ்சாதிக்கா? வாடி போடியெல்லாம் உங்க வாயோட இருக்கட்டும். என் பேனாவுல வராது.”

‘நீங்கள்’ என்றுதான் எழுதினார். மாதம் ஒன்றாகப் பதினோரு வருடம். எழுதியதைப் படித்துக் காட்டிக் காட்டி மருதையனின் நாக்கும் அதற்கே பழகிவிட்டது. இந்தப் பக்கம் தபால்காரர் தெருவில் நின்று படிப்பார். “ஏ பொன்னுத்தாயி, உம் புருசன் ஒனக்கு மரியாதை போட்டிருக்காருடி!” பொன்னுத்தாய் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

1971-ல் தளத்தை மூடினார்கள். மருதையன் ஊர் வந்தார். ஆட்சி மாறியிருந்தது. முச்சந்திக்கு முச்சந்தி கறுப்பு சிவப்புக் கொடி. டீக்கடை மட்டும் மாறவில்லை. அவர் தெருக்காரர்களுக்கான தனிக் குவளை அதே ஆணியில் தொங்கியது. குடிக்காமல் நடந்தார். வீட்டு வாசலில் நின்று பொன்னுத்தாயிடம் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டீங்களா?” பக்கத்து வீட்டு ராசம்மாள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை போனது.

அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தெருவில் எல்லாரையும் ‘வாங்க போங்க’ என்றார். பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் தங்கையனுக்கு அது பொறுக்கவில்லை. தன்னை ‘நீங்க’ என்பதில் அவருக்குக் குறையில்லை. நாற்றுப் பறிக்கிறவரையும் அதே வார்த்தையால் கூப்பிடுவதுதான் உறுத்தியது.

மூன்று மா, ஐயாவு பண்ணையிலிருந்து வாய்ப்பேச்சாகப் பெற்ற குத்தகை. காகிதம் கிடையாது. 1963-ல் அவர் இறந்த பிறகு உழவு, நடவு, தண்ணீர் எல்லாம் பொன்னுத்தாய் பார்த்தார். இப்போது அரசாங்கம் குத்தகைக்காரர்களின் பேரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டிருந்தது. பதிவாகிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. சிங்காரவேலு ஆட்சேபணை கொடுத்தார். கடல் கடந்து இருந்தவர் எப்படிக் குத்தகைக்காரர் ஆவார் என்பது அவர் கேள்வி.

விவசாயச் சங்கத்து முருகையன் வழி சொன்னார். “அண்ணே, வருசா வருசம் வந்து உழுதுட்டுப் போனேன்னு ஒரே போடாப் போடுங்க. யாரு கப்பல் டிக்கெட்டு கேக்கப்போறா?”

“பொய்யிங்களே.”

“நெசத்தச் சொன்னா சாட்சிக்கு எங்க போவீங்க? பண்ணையை எதுத்து ஒரு ஆளு வாயத் தொறப்பானா?”

அது உண்மை. பொய் சொன்னால் நிலம் நிற்கலாம். உண்மையைச் சொல்லி, பொன்னுத்தாய் உழுததை யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாவும் போய்விடும்.

விசாரணை நாளில் அதிகாரி மருதையனைக் கேட்டார். “எத்தனை வருசமா உழுறீங்க?”

“நான் உழலைங்க சார். சிங்கப்பூர்ல இருந்தேன்.”

முருகையன் தலையில் கை வைத்தார். தங்கையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப யாரு சாகுபடி?”

“இவங்க.” மருதையன் கதவோரம் கை காட்டினார். “பொன்னுத்தாய். என் சம்சாரம். அப்பாவுக்கு அப்புறம் இவங்கதான் எல்லாம். இவங்க பேருல எழுதுங்க.”

“இவங்களாமே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. தங்கையன் முன்னால் வந்துவிட்டார்.

“என்னய்யா இவங்க, அவங்க? சேத்துல நிக்கிறவளுக்குச் சிம்மாசனம் போடுறியா? சார், இவ லட்சணத்த எங்கிட்ட கேளுங்க. எட்டு வருசமா மடையில தண்ணிக்கு இவளோட மல்லுக்கட்டியே என் தலை நரைச்சுப்போச்சு. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு நின்னான்னா நகர மாட்டா, ராட்சசி!”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “எட்டு வருசமாவா?”

“பின்ன? கெழவன் செத்ததுலேந்து.”

“எந்த வயலுக்குத் தண்ணி?”

 சிங்காரவேலு தங்கையனின் துண்டைப் பின்னாலிருந்து இழுத்தார். இழுத்து என்ன பயன்?

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “இந்த மூணு மாவுக்குத்தாங்க. காரியக்காரரு சொன்னது அத்தனையும் நெசம். ராட்சசிங்கிறதையும் சேத்தே எழுதிக்குங்க.”

இந்த முறை சிரித்தது வேறு பக்கம்.

அதிகாரி மருதையனிடம் திரும்பினார். “குடும்பத்தார் உழைப்பும் சட்டப்படி சேர்த்திதான். உங்க பேருலயே எழுதலாமே?”

“உழுதவங்க பேருல எழுதுங்க சார்.”

குமாஸ்தா எழுதினார். சாகுபடிதாரர்: பொன்னுத்தாய். பொன்னுத்தாய் இடது கட்டைவிரலை மையில் அழுத்திப் பதித்தார். குமாஸ்தா அடுத்த கட்டத்துக்கு வந்து, “புருசன் பேரு?” என்று அவரைக் கேட்டார்.

பொன்னுத்தாய் புருஷன் பேரைச் சொல்கிறவர் இல்லை. திரும்பிப் பார்த்தார்.

“மருதையன்” என்று அவரே தன் பேரைச் சொன்னது, வெளியே வரிசையில் நின்ற கடைசி ஆள்வரை கேட்டது.