மூன்று சீட்டிலும் சென்னை

என் மகள் பரீட்சையில் தேறிய அன்றுதான் எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. பிள்ளை தோற்றுவிட்டால் அழுகிற தகப்பன்மார் உண்டு. ஜெயித்ததற்காகப் படுத்த படுக்கையானவன் இந்தப் பேராக் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "டிரசர், உங்கள் சாட்சியை எழுதிக் கொடுங்கள்" என்று சபையில் பலர் கேட்டார்கள். பாவம், என்னை ஜெபவீரன் என்று நினைத்துவிட்டார்கள். எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரியுங்கள், குற்றமில்லை. ஆண்டவரைத் துதிக்காமல் மட்டும் போய்விடாதீர்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், மார்ச் மாதம். செமோருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போதும் நான் டிரசர், இப்போதும் டிரசர். டாக்டர் துரை எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்குக் குவினைன், வயிற்றுக்கு விளக்கெண்ணெய், புண்ணுக்குக் கட்டு, மூன்றும் நான்தான். என் ஒரே மகள் எஸ்தர் ஈப்போவில் பெண்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். லீவுக்கு வந்தால் என் மருந்தறையில்தான் கிடப்பாள்.

தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் என்னிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். ஜன்னலோரம் வந்து எஸ்தரிடம் குசுகுசுவென்று சொல்வார்கள், அவள் என்னிடம் வந்து சொல்வாள். பால்மரம் வெட்டும் முனியம்மா மார்பில் கட்டியை மறைத்து வைத்துக்கொண்டே எட்டு மாதம் வேலைக்குப் போனாள். லீவுக்கு வந்த எஸ்தரிடம்தான் முதலில் வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. முனியம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எஸ்தர் சொன்னாள்: "அப்பா, நான் டாக்டருக்குப் படிச்சு இங்கயேதான் வருவேன்." நான் சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு எப்போதுமே கஷ்டமில்லை.

பரீட்சை முடிவு வந்தது. வேதப்பாடத்தில் டிஸ்டிங்ஷன். ஆங்கிலமும் தாவர சாஸ்திரமும் கிரெடிட். கணக்கில் வெறும் பாஸ். அந்தப் பாஸ்தான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

கையில் இருப்பது ஒரே முடிவுத்தாள். அதை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஓரிடத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மற்ற இடங்களின் கதவு சாத்திவிடும். ஆக, அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு கல்லூரிதான். எந்தக் கல்லூரி?

எஸ்தருக்குச் சிங்கப்பூர் மேல் ஆசை. அங்கே படித்தால் தடையில்லாமல் இங்கேயே வந்து வைத்தியம் பார்க்கலாம். ஆனால் சிங்கப்பூரில் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், நாக்குதான் கொஞ்சம் நீளம். முடிவுத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேதப்பாடத்திலை டிஸ்டிங்ஷனோ? பிள்ளையைப் பாதிரி வேலைக்கு அனுப்பும் ஐசே!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "கொழும்புக்குப் போடும். என்ரை தம்பி அங்கை இருக்கிறான், பார்த்துக்கொள்ளுவான்" என்றார்.

மூன்றாவது இடம் சென்னை. அங்கே என் மனைவி ஞானம்மாளின் அண்ணன் இருக்கிறார். முதலில் இரண்டு வருஷம் சாதாரணக் கல்லூரி, அதற்குப் பிறகுதான் வைத்தியக் கல்லூரி என்று எழுதியிருந்தார். அதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. சிங்கப்பூர்க்காரன் முடியாது என்றால் ஒரே மாதத்தில் சொல்லிவிடுவான். சென்னைக்காரன் சொல்ல இரண்டு வருஷமாகும். அதற்குள் கர்த்தரின் வருகையே வந்துவிடலாம் அல்லவா?

"சென்னைக்குப் போனா நான் திரும்பி வர மாட்டேம்ப்பா. மாமா அங்கயே மாப்பிள்ளை பார்த்துடுவாரு" என்றாள் எஸ்தர். "ஜெபம் பண்ணுவோம்மா" என்றேன். விசுவாசிகளே, பதில் தெரியாதபோது இப்படிச் சொல்வது நல்லது. பதிலை முடிவு செய்துவிட்டு இப்படிச் சொல்வது பாவம். நான் இரண்டாவது ரகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றேன். மூன்று துண்டுக் காகிதம் கிழித்தேன். மருந்தறைப் பென்சிலால் மூன்றிலும் எழுதி, மாத்திரை டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். மூவரும் முழங்காலில் நின்றோம். நான்தான் ஜெபித்தேன். "பிதாவே, எங்கள் சித்தமல்ல, உம்முடைய சித்தமே ஆகட்டும்" என்று குரல் தழுதழுக்கக் கேட்டேன். ஞானம்மாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

சென்னை.

சென்னை வராமல் எங்கே போகும்? மூன்றிலும் அதைத்தானே எழுதியிருந்தேன்!

எஸ்தர் அந்தச் சீட்டைத் தன் அம்மாவிடம் நீட்டினாள். "ஆண்டவர் சித்தம்னா சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சிங்கப்பூர் விண்ணப்பத்தை நான்காக மடித்துத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள். பிறகு கட்டுத்துணிகளை வேகவைக்கப் போய்விட்டாள். மற்ற இரண்டு சீட்டுகளையும் என் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அன்றும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை முடிவுத்தாளை உறையில் போட்டு, மைத்துனர் பெயரெழுதி, சைக்கிளில் செமோர் போய்த் தபால்பெட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை ஞானம்மாள் என் சட்டையைத் துவைத்தாள். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. மையால் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஈரக் கையோடு மருந்தறைக்கு வந்தாள். உள்ளங்கையில் நைந்துபோன இரண்டு சீட்டுகள்.

"என்னங்க இது?"

"சீட்டு."

"ரெண்டுலயும் சென்னைன்னு இருக்கு."

"எழுத்துப்பிழையா இருக்கும்."

"ஆண்டவர்கிட்டயே மூணு சீட்டு விளையாடுறீங்களா? அவருக்கு வேற ஊரே தெரியாதா? ரெண்டு நாளா என் பிள்ளை வாயைத் திறக்கல. ஆண்டவரே வேணாம்னு சொல்லிட்டாருன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. ஆண்டவரா சொன்னாரு? நீங்க சொன்னீங்க!"

இருபது வருஷமாக நான் சொல்லும் வேடிக்கைக்கெல்லாம் சிரித்தவள் அவள். அன்று சிரிக்கவில்லை. போய்விட்டாள்.

மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்தேன். விழுந்தேன் என்றால் முழங்காலில் இல்லை, அப்படியே தரையில். எப்போதும் என் ஜெபம் நீளமாகவும் ராகமாகவும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று நாலு வார்த்தைதான் வந்தது. "பயத்தில் உம்முடைய பெயரால் பொய் சொல்லிவிட்டேன்." பிறகு, "என் பிள்ளையைக் கைவிடாதேயும்." தாள் நேற்றே தபாலில் போய்விட்டது. பினாங்கில் கப்பல் ஏறப்போகிறது. இனி ஆண்டவரே கடலில் இறங்கி நடந்தால்தான் உண்டு என்று நினைத்தேன்.

எழுந்து பின்பக்கம் போனேன். எஸ்தர் குவினைன் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"மூணுலயுமாப்பா?"

"மூணுலயும்."

"ஏன்?"

"சிங்கப்பூர்ல உன்ன வேணாம்னு சொல்லிட்டா நான் தாங்க மாட்டேம்மா."

கையிலிருந்த போத்தலைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே சென்னைன்னு எழுதித் தந்திருப்பேனே. ஆண்டவரை ஏன் இழுத்தீங்க?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சைக்கிளை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கப்பலைச் சைக்கிளில் துரத்திப் பிடித்தவன் யார்? ஆனாலும் மிதித்தேன். வழியெல்லாம் வாய்விட்டு ஜெபித்துக்கொண்டே போனேன். எதிரே வந்த சீனக் காய்கறிக்காரர் வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டார்.

தபாலாபீசுக்குள் மூச்சிரைக்க நுழைந்ததும் போஸ்ட்மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எனக்கு வெகுநாள் பழக்கம்.

"வாங்க டிரசர் அண்ணே! நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். இது உங்க கையெழுத்துத்தானே?"

மேசைக்குள்ளிருந்து என் உறையை எடுத்தார். விலாசம் ஜோராக இருந்தது. அடியில் கோடுகூடப் போட்டிருந்தேன். ஸ்டாம்பு இருக்க வேண்டிய மூலை மட்டும் பிறந்த குழந்தை மாதிரி அம்மணமாக இருந்தது.

"ஒரு ஸ்டாம்புகூட இல்ல லா! இப்படியே அனுப்பினா உங்க மச்சான்தான் அங்க தண்டம் கட்டணும். அப்புறம் உங்களுக்குத்தான் தொல்லை, சுசா. அதான் எடுத்து வெச்சேன். அண்ணே... அண்ணே, ஏன் அழுவுறீங்க? ஸ்டாம்புதானே லா!"

ஸ்டாம்பு வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டுக்கு வந்து தேடினால், கசங்காமல் இருக்கட்டும் என்று வேதாகமத்துக்குள் வைத்தவை அங்கேயே இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தன. அது எந்த அதிகாரம் என்று கேட்காதீர்கள். ஒட்டிவிட்டதால் படிக்க முடியவில்லை.

செங்கடலைப் பிளந்தவர் என் ஒருவனுக்காக ஒரு ஸ்டாம்பை மறக்கச் செய்தார். என் புத்தியை அவர் உபயோகிக்கவில்லை. என் மறதியை உபயோகித்தார். இருந்ததில் அதுதான் பெரியது போலும்.

மறுநாளே தாளும் விண்ணப்பமும் சிங்கப்பூருக்குப் போயின. இந்தத் தடவை எஸ்தரே ஸ்டாம்பு ஒட்டினாள். என்னைத் தொடவிடவில்லை. ஒரு மாதம் கழித்து நேரில் வரும்படி கடிதம் வந்தது. இருவரும் ரயிலேறினோம். அவள் உள்ளே போனாள், நான் வராந்தாவில் என் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பும்போது ரயிலில் சொன்னாள். கணக்கு ஏன் இவ்வளவு மட்டம் என்று ஒருவர் கேட்டாராம். "பரீட்சையில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கேட்டார்கள் ஐயா. எங்கள் தோட்டத்தில் தொட்டி நிரம்பிப் பார்த்ததே இல்லை. குவினைன் கணக்குக் கேளுங்கள், சொல்கிறேன்" என்றாளாம். கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று காகிதமில்லாமலே சொல்லியிருக்கிறாள். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற ஜனங்களுக்கு அவள் அளந்து ஊற்றிய மருந்துதானே! இடம் கிடைத்துவிட்டது. எனக்கும் பசி வந்துவிட்டது. ஞானம்மாள் இரண்டு தடவை உலை வைத்தாள்.

இப்போது எஸ்தர் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கணக்கு இன்னும் மட்டம்தான். நான் மாறியிருக்கிறேனா என்று ஞானம்மாளைக் கேளுங்கள். பயம் போகவில்லை. ஆனால் பயம் வந்தால் இப்போது முதலில் அதைச் சொல்கிறேன், அவரிடமும், வீட்டிலும். அதற்குப் பிறகுதான் ஜெபம். என் ஜெபம் குட்டையாகிவிட்டதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கவனித்து மகிழ்ந்தும் இருப்பீர்கள்.

ஆகவே பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முடிவுத்தாள் வரும். அதில் ஒரு பாஸ் இருக்கும். பயப்படுங்கள், பயந்தபடியே அவரிடம் போங்கள். நம்பிக் கேளுங்கள். சீட்டுப் போட்டாலும் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. அவள் படிக்கப் புறப்பட்ட அன்று ஈப்போ ஸ்டேஷனில் ரயில் நகரப்போகும் நேரம், ஜன்னல் வழியாக மாத்திரை டப்பாவை நீட்டினாள். உள்ளே மூன்று சீட்டுகள்.

"முதல் கடுதாசி யாருக்கு எழுதணும்னு சீட்டு போட்டிருக்கேன். எடுங்கப்பா."

எடுத்தேன். "அப்பா" என்று இருந்தது.

மற்ற இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் என் மகள்.