நாக்கடியில் ஊருக்கு வந்த கொயினா

திருவிதாங்கூர் எல்லைக்குள் இருக்கும் ஏலமலைத் தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடும்போது எல்லோரும் வாயைத் திறந்து நிற்க வேண்டும். மலைக்காய்ச்சல் வராமலிருக்க கம்பவுண்டர் ஒவ்வொரு நாக்கிலும் ஒரு கொயினா மாத்திரையை வைப்பார். விழுங்கியபின் அவரவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் தெளிவாக வந்தால் மாத்திரை உள்ளே போயிற்று என்று அந்தத் திருவிதாங்கூர்க்காரர் நம்பினார். நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போனவர்களோ, மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டே அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழகியிருந்தார்கள். வெயிலில் உலர்த்தி, துணியில் முடிந்து, திருவிழாவுக்கு இறங்கும்போது வீட்டுக்குக் கொண்டுவருவதற்காகத்தான். மலையில் காசில்லாமல் கிடைப்பது அது ஒன்றே.

எங்கள் ஊரான காமயகவுண்டன்பட்டியில் அந்த முடிச்சுக்குத் தனி மதிப்பு. தலைவலி, வாய்வு, இடுப்புப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. கசப்பு மிகுந்தால் குணமும் மிகுதி என்று எண்ணினார்கள்.

தோட்டத்தில் கணக்கெழுதும் நான் சென்ற பங்குனியில் ஊருக்கு இறங்கியபோது, என் கடைசித் தங்கை வீராயிக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை குறைமாதத்தில் போய்விட்டது. இதையாவது காப்பாற்ற வேண்டுமென்று அவள் வயல்வேலையையே விட்டிருந்தாள். சோறு வைத்துக்கொண்டிருந்தவளை இருமுறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

"காது அடைச்சிருக்கா, ஆத்தா?"

"அடைக்கலண்ணே. உள்ளுக்குள்ள வண்டு கத்துது."

அந்த வண்டை நான் அறிவேன். மலையில் கொயினா அளவு மீறியவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

"என்ன மாத்திரை தின்ன?"

"இடுப்பு விட்டுப்போச்சுண்ணே. உங்க மாப்ள கொண்டாந்ததுதான். காலைல ரெண்டு, அந்திக்கு ரெண்டு. வலி கேக்கல, இன்னைக்கு ஒண்ணு கூடுதலாப் போட்டேன்."

அவள் கணவன் மாயாண்டி நான் கணக்கெழுதும் தோட்டத்திலேயே வேலை செய்பவன்; எனக்கு முன்பே ஊருக்கு இறங்கியிருந்தான். "வெசத்தையா குடுத்தேன் மச்சான்? சர்க்கார் மருந்து! நீங்களும் தெனம் திங்கிறீகளே."

"என் வயித்துல பிள்ளை இல்லையே மாப்ள."

சொல்லி முடிப்பதற்குள் வீராயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. வண்டி பூட்டினோம். அடுத்த வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: "மலைக்காரக வந்தா இப்பிடித்தான். தும்முனாலும் ஆசுபத்திரிம்பாக!" நான் மாட்டை விரட்டினேன்.

கொயினா தின்றதைச் சொன்னதும் கம்பத்து டாக்டரம்மா முதலில் கேட்டது, "காய்ச்சல் உண்டா?"

"இல்லீங்க, இடுப்பு வலிதான்."

"மலைக்காய்ச்சல் என்றால் கர்ப்பிணிக்கும் நானே அளந்து கொடுப்பேன், பக்கத்தில் இருந்து பார்ப்பேன். இடுப்பு வலிக்கு நீயாக விழுங்கினால் கர்ப்பப்பையைக் கிளறிவிடும். பிள்ளை வேண்டுமா, வேண்டாமா?"

வீராயி வாய்விட்டு அழுதாள். சில நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். இறுக்கம் தளர்ந்தது, வண்டும் அடங்கிற்று. வைகாசியில் பெண்பிள்ளை பிறந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கும் மலையில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஒருவருக்குக் காப்பான மருந்து இன்னொருவர் வயிற்றுப் பிள்ளைக்குக் காப்பாகிவிடாது. டாக்டரைக் கேட்காமல் கர்ப்பிணி வாயில் எதையும் போடாதீர்கள். காய்ச்சல் கண்டால் மறைக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இதை எழுதியதோடு நான் நிற்கவில்லை. ஆட்கள் இறங்கும் நாட்களில் கம்பமெட்டுப் பாதையில் போய் நிற்கிறேன். மேலே, ஏலக்காய் கடத்துகிறார்களா என்று பார்க்கும் திருவிதாங்கூர்ச் சாவடி. கீழே நம் பக்கத்துச் சாவடி. மேலே இருப்பவர்களுக்கு நான் பாண்டி நாட்டிலிருந்து வந்த பாண்டிக்காரன், கீழே இருப்பவர்களுக்கு மலைக்காரன். நடுவில் நின்று, கொயினா முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க, வருகிறவர்களை மடியை அவிழ்க்கச் சொல்கிறேன்.

"நீரு எந்த ராச்சியத்துச் சாவடிக்காரரு?" என்று ஒருவன் கேட்க, கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பொண்டாட்டி முழுகாம இருக்காளா?" என்று கேட்டேன்.

அவன் மேலே ஒருமுறை பார்த்தான், கீழே ஒருமுறை பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தான்.