வெயிலில் காய்ந்த பேட்டரியும் மாமனார் கிணறும்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு மீட்டர் வாங்கினேன்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் எடுத்து, சேலம் கடைவீதியில் குவித்து விற்கிறார்களே... அந்தக் குவியலில் கிடைத்தது. கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குள் ஒரு முள், இரண்டு ஒயர். பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரை வைத்தால், உள்ளே எத்தனை வோல்ட் என்று முள் காட்டிவிடும். உனக்கு எதற்கையா இது என்கிறீர்களா? என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

அன்று முழுக்க நான் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டிலிருந்த டார்ச் லைட் பேட்டரிகளையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு அளந்தேன். எதிர்வீட்டுக்காரர் தம்முடையதைக் கொண்டுவந்தார் — அவருக்கும் அளந்தேன். இரண்டு வாளி தண்ணீர் சேந்தித் தரச் சொன்ன மனைவியிடம், விஞ்ஞான வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பேட்டரி தீர்ந்து போனால் வெயிலில் காயவைப்பது என் மனைவியின் வழக்கம். கொத்தவரங்காய் வற்றலுக்குப் பக்கத்தில் அதுவும் வரிசையாகப் படுத்திருக்கும். இதை நான் கேலி செய்யாத நாள் கிடையாது. அன்றைக்கு அந்த வற்றல் பேட்டரிகளையும் அளந்தேன். என்ன ஆச்சரியம்! ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. டார்ச்சில் போட்டு அமுக்கினேன். சுவரில் பளிச்சென்று ஒரு வட்டம். வீணாகச் செலவழிப்பானேன் என்று உடனே அணைத்துவிட்டேன்.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கம் என் மாமனார் ஊர். அவருடைய கடைசி மகளைப் பார்க்க நாமக்கல் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. எங்கள் சீமையில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பார்ப்பார்கள். யாரோ ஒரு புண்ணியவான், கிணறு வறண்டுவிட்டது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் ஓதிவிட்டிருந்தான். மாமனாரோ இந்தக் கோடையில்தான் பாறையை உடைத்து ஊற்றுக் கண்டிருந்தார். அந்தத் தண்ணீரைக் காட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. காட்டாவிட்டால், அவர்கள் வேறு கிணறு... வேறு பெண் பார்க்கப் போய்விடுவார்கள். பஸ் வரத் தாமதமானால் இருட்டிவிடுமே என்று, மகளையும், டார்ச்சோடு என்னையும் வரும்படி ஆள் அனுப்பியிருந்தார்.

“ஏனுங்க, வெயில்ல காஞ்சது நம்ம கொல்லப்பக்கம் போய்வரத் தாங்குமுங்க. நாலு பேரு வர்ற எடத்துக்குப் புதுசா வாங்கிக்குங்க” என்றாள் மனைவி.

முள் பொய் சொல்லுமா என்று கேட்டேன். வெயிலில் காய்ந்ததையே டார்ச்சில் போட்டுக்கொண்டு, அவளோடு கிளம்பினேன்.

பயந்தபடியே ஆயிற்று. பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக் கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ், வழியெல்லாம் மூச்சு வாங்கி நின்று, அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தபோது பொழுது இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா காப்பியைக்கூடத் தொடவில்லை. நேராகக் கிணற்றுக்கு நடந்தார். லாந்தர் வெளிச்சம் கிணற்றின் முதல் படியோடு நின்றுவிட்டது. மாமனார் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் டார்ச்சைக் கிணற்றுக்குள் நீட்டி அமுக்கினேன்.

பளிச்! பாதிக் கிணறு தெரிந்தது. பிறகு வெள்ளை மஞ்சளாயிற்று, மஞ்சள் சிவப்பாயிற்று, பீடி நுனி மாதிரி ஒரு புள்ளி மிஞ்சியது... அதுவும் போய்விட்டது.

தட்டினேன். உலுக்கினேன். நல்லவேளை — மீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்! லாந்தர் வெளிச்சத்தில் பேட்டரிகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக அளந்தேன். முள் கூசாமல் ஒன்றரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா மீட்டரைப் பார்த்தார். இருட்டுக் கிணற்றைப் பார்த்தார்.

“பேட்டரியில நெறைய இருக்குதுங்கறீங்க. கெணத்துலயும் நெறைய இருக்குதுங்கறாங்க. ரெண்டையும் நாங்க நம்போணுமுங்களா?”

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நிமிஷம் நானே கிணற்றில் இறங்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அப்போதுதான் என் மனைவி வாளியும் கயிறுமாக வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கயிற்றை உருளையில் மாட்டி வாளியை உள்ளே விட்டாள். எங்கோ கீழே ‘தொபக்’ என்றது. கயிற்றை மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தாள்.

“இழுத்துப் பாருங்க மாமா. எத்தனை வாட்டி வேணும்னாலும் உட்டுப் பாக்கலாமுங்க.”

இழுத்தார். வாளி தளும்பத் தளும்பத் தண்ணீர்! அடிமண் கலங்கி வருகிறதா என்று கையை விட்டுத் துழாவினார். மறுபடி விட்டார், இழுத்தார். மனுஷர் லேசில் விடுகிற ஆளில்லை. இன்னொரு முறையும் இழுத்துவிட்டு, துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“போதுஞ் சாமி, கை ஓஞ்சு போச்சு. ஊட்டுக்குப் போயிப் புள்ளையப் பாக்கலாம்.”

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மீட்டரை எடுத்தேன். எனக்கு மனசு ஆறவில்லை. இந்தத் தடவை பேட்டரியோடு பல்பையும் சேர்த்து, எரியவிட்டுக்கொண்டே அளந்தேன். அட! முள் பொத்தென்று விழுந்தது. பல்பை எடுத்ததும் சாதுவாக மேலே ஏறிக்கொண்டது. விஷயம் இதுதான் — சும்மா கிடக்கும்போது எல்லாப் பேட்டரியும் ஒன்றரை வோல்ட்தான். வேலை கொடுத்து அளந்தால்தான் சரக்கு தெரியும்.

மனிதர்களும் அப்படித்தானே? இந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், ஈஸிசேரில் சாய்ந்தபடியே மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க. எங்கய்யனும், பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்கள நாற்காலியில உக்காரவெச்சுத்தானுங்க அளந்தாரு.”