போயா நாளில் பச்சைக் கதவைத் தேடிப் போனோம்

பதுளைப் பக்கமிருந்து கொழும்புக்குப் போய், கடற்கரையில் நம்மவர்கள் கூடும் இடத்தைப் பார்ப்பது எப்படி என்று இரண்டு வாசகர்கள் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். நம்மவர்கள் என்றால் ஆண்களை விரும்பும் ஆண்கள். கே பார் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். நான் முதலில் போனது 1999இல். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. ஆகவே இதிலுள்ள ரயில் நேரங்களை நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நம்பலாம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. நேசன் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அறைக்கு ரேடியோ கேட்கப் போவதாக இரண்டு வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேடியோவும் கேட்டோம். அந்த மாதம் அம்மா எனக்கு மடுல்சீமையில் பெண் பார்த்துவிட்டார். பெண் வீட்டார் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்குள் நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் என் பயம். எங்களைப் போன்ற ஒருவரை ஐம்பது வயதில் நான் பார்த்ததே கிடையாது. அப்படி யாராவது இருக்கிறார்களா, இருந்தால் யாரோடு இருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பது? இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பாட்டும் ஆட்டமும் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

கொழும்பை அடுத்த கல்கிசையில் ரயில் பாதையோரம் பச்சைக் கதவு போட்ட ஒரு பார் இருக்கிறது, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிறகு நம்மாட்கள் வருவார்கள் என்று நேசனின் பழைய வகுப்புத் தோழர் எழுதியிருந்தார். தோட்டத்தில் சனிக்கிழமையும் பெரட்டு உண்டு. காலை ஆறு மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட நான் இல்லாவிட்டால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். அதனால் சனிக்கிழமையில் விழும் ஒரு போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறையாகப் பார்த்துப் பிடித்தோம். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

தோட்டத்திலிருந்து பதுளைக்குப் பத்துக் கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு ரயில். கொழும்புக் கோட்டைக்கு 292 கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு. சன்னல் சரியாக மூடாது, ஹப்புத்தளையில் குளிர் எலும்பைத் தொடும். நான் அரைக்கிலோ தேயிலைத்தூள் கொண்டுபோயிருந்தேன். யாருக்கு என்று தெரியாது. வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை.

காலை ஆறே காலுக்குக் கோட்டை. அப்போதும் யுத்த காலம்தான். லொட்ஜில் தங்கினால் பொலிசில் பதிய வேண்டும், அதனால் அன்றிரவே திரும்பும் திட்டம். நிலைய வாசலில் சோதனை. நேசனின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் சிப்பாய், எதற்கு வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் நேசனின் மூக்குக்கண்ணாடியைக் காட்டி, கண் டாக்டரிடம் காட்ட என்றேன். போயா நாளில் எந்த டாக்டர் இருக்கிறார் என்றார் அவர். தெரிந்தவர், வீட்டிலேயே பார்ப்பார் என்று நேசன் சமாளித்தார். விட்டுவிட்டார்கள். டாக்டருக்கே லீவு என்றால் மற்றவர்களுக்கு என்ன என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.

கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயிலில் அரை மணி நேரம். வழியெல்லாம் கடல் கூடவே வரும். வலப்பக்கம் உட்காருங்கள். நான் கடலை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பகல் முழுக்க மணலில் இருந்தோம், மாங்காய் தின்றோம். ஐந்து மணிக்குச் சட்டையை மாற்றி, தலை சீவி, பச்சைக் கதவுக்குப் போனால் பெரிய பூட்டு.

போயா நாளில் இலங்கை முழுக்க மதுக்கடைகள் மூடியிருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், குடிக்காத எங்கள் இருவரையும் தவிர. தோட்டத்தில் போயா அன்றுதான் குடி அதிகம், முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. நேசன் மணலில் உட்கார்ந்துவிட்டார். “கணக்கப்பிள்ளை எண்டு சொல்லுறீர். ஒரு கலண்டர் பார்க்கத் தெரியாதே?” என்றார். நாள் பார்த்ததே அவர்தான். எனக்கு அழுகை வரும்போலிருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில்.

பின்பக்கம் சமையலறைப் படியில் யாரோ தேங்காய் துருவும் சத்தம். எட்டிப் பார்த்தோம். நரைத்த தலை, இடுப்பில் சாரம், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த பாரின் சமையற்காரர், ஜோசப் அண்ணன். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கேருந்து தம்பி?”

“பதுளைங்க.”

“பதுளையிலேருந்து போயா அன்னைக்கு பாருக்கு வந்தீங்களா? நல்லா வந்தீங்க. உள்ளே வாங்க, தேத்தண்ணி இருக்கு.”

நான் தேயிலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, தன் கேத்தலில் இருந்ததை அப்படியே வெளியே ஊற்றினார். “நீங்களே போடுங்க” என்றார்.

போட்டேன். அதற்குள் ஒருவர் இருவராக ஆறேழு பேர் பின்பக்கமாக வந்துவிட்டார்கள். பார் பூட்டியிருந்தாலும் சனிக்கிழமை என்றால் அவர்களுக்குக் கால் இங்கேதான் வருமாம். பாட்டு இல்லை, விளக்கு இல்லை. கையில் பாலில்லாத சாயத்தண்ணியோடு, நிலா ஏறுவதைப் பார்த்தபடி கதை பேசினோம். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. நேசன் என் தோளில் கை போட்டார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜோசப் அண்ணன் இரண்டாவது கோப்பையில் சீனி போடப் போனபோது பக்கத்திலிருந்த சிங்களவர் கரண்டியைப் பிடுங்கினார். அவர் விமல், தையற்காரர். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது.

“இவருக்குச் சீனி வருத்தம். களவா போடுறது” என்று அண்ணனின் நீரிழிவைப் பற்றி என்னிடம் முறையிட்டார்.

“ஒரு கரண்டிதான்டா.”

“காலையிலே ஒண்ணு. பகல் ஒண்ணு. நான் எண்ணுறேன்.”

சண்டை பத்து நிமிடம் நடந்தது. சலித்துப்போன பழைய சண்டை என்று கேட்டாலே தெரிந்தது. நான் மெதுவாக அண்ணனிடம் கேட்டேன், “எத்தனை வருசமா ஒண்ணா இருக்கீங்க?”

“பத்தொம்பது.”

“அக்கம்பக்கத்துல ஒண்ணும் சொல்லலியா?”

“மொதல்ல சொன்னாங்க. பொறகு அவங்க சட்டையும் இவன்தான் தைச்சான்.”

நான் பார்க்க வந்தது இதைத்தான். ஏழு மணிக்கு விடைபெற்று, இரவு ரயிலைப் பிடித்தோம். விடியற்காலையில் தெமோதரைப் பக்கம் வரும்போது நேசன் கேட்டார், “நாளைக்கு என்ன சொல்லப் போறீர்?”

“மாட்டேன்னு சொல்லப் போறேன்.”

சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நியாயம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

போன மாதம் இருவரும் மறுபடியும் கல்கிசைக்குப் போனோம். பச்சைக் கதவு இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த நாலு மாடி ஹோட்டல். அண்ணனும் விமலும் நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், விலாசம் தெரியாது. அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அன்று ஓடிவந்தது எனக்குப் பெரிய மனக்குறை.

பச்சைக் கதவு இல்லாவிட்டாலும் கல்கிசைக்குப் போகிறவர்களுக்கு: அடையாள அட்டையை மறக்காதீர்கள். தெரியாதவர் கூப்பிடும் அறைக்குப் போகாதீர்கள், சட்டம் இன்னும் நம் பக்கம் இல்லை. திரும்பும் ரயிலுக்கு முன்கூட்டியே ஆசனம் பதியுங்கள். கலண்டரைப் பாருங்கள். பார்த்த பிறகும் போயா அன்றே போக வேண்டும் போலிருந்தால், தேயிலைத்தூள் கொஞ்சம் எடுத்துப் போங்கள்.

நேசனுக்கு இப்போது நாற்பத்திரண்டு. நானும் தோட்டத்தை விட்டு பதுளைக்கே வந்துவிட்டேன், ஒரே வீடுதான். போன கிழமை டாக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, அவருக்குச் சீனி கூடியிருப்பதாகச் சொன்னார். இன்று காலை சீனி டின்னை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குசினியில் ஒவ்வொரு மூடியாகத் திறக்கிற சத்தம் கேட்கிறது.