மூணாவது தடவ மங்கணுமாம்

காலம்பற ஏழேகாலுக்கு கொளச்சல் ஸ்டாண்டுல நாரோயில் பஸ்ஸு ஏறுனேன். கோயில்ல சொல்லியும் நீங்க யாரும் போவல்லல்லா, அதுனால ஒண்ணுவிடாம சொல்லுதேன். இருபத்தஞ்சு கிலோமீட்டரு பக்கம் வரும், பொம்பளைக்கு காசு கெடையாது. மீன் விக்க சருவப்பானையோட ஏறுனா கண்டக்டரு மூக்க சுளிப்பாரு. இன்னைக்கு வெறுங்கையி.

"என்ன அம்மச்சி, மீனு இல்லியா?"ன்னாரு.

"நட்சத்திரத்த பத்தி கேக்க போறேன், மக்கா."

"அப்பிடியா, நல்லதா இருந்தா எனக்கும் அரைக்கிலோ வாங்கிட்டு வாங்க."

எனக்க மவ ஷைனிக்கு ஜெர்மனியில வேல. வேற நட்சத்திரங்கள சுத்துற கோளு, நம்ம பூமி கணக்கா, அத தேடுற வேல. போயி நாலு வருஷம். ரெண்டு வருஷம் முன்ன அவளுக்க அப்பாவ அடக்குனதுக்கும் வரல்ல. போன்ல ஒரே பேச்சு: "அம்மா, அந்த நட்சத்திரம் ரெண்டு தடவ மங்கியாச்சு. மூணாவது தடவயும் மங்கட்டு, வாறேன்." இது உள்ளதா, சாக்கா? எனக்கு எழுத்து தெரியாது. நாரோயில்ல ஒரு காலேஜுல இதெல்லாம் காட்டி சொல்லித்தாராவன்னு கோயில்ல பங்குச்சாமி அறிக்க வாசிச்சாவ. அங்க கேட்டிரலாம்னு பொறப்பட்டேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரி வாசல கடந்தப்போ எட்டிப் பாத்தேன். அங்கதான் அவ பொறந்தா. பொறந்த அன்னைக்கே கண்ண முழிச்சு லைட்ட பாத்துட்டு கெடந்தா, பாலுக்குகூட திரும்பல்ல.

எட்டரைக்கு நாரோயில் வடசேரி ஸ்டாண்டு. சாயாவும் ரசவடையும் இருவத்தஞ்சு ரூவா. ரசவடையில ரசம் போதாது.

பத்து மணிக்கு காலேஜுல ஒரு டீச்சரு, சின்னப்பிள்ள, பல்ப ஒண்ண எரியவிட்டு முன்னால ஒரு சுண்டைக்காய நூலுல கட்டி சுத்துனா.

"முட்டம் லைட் ஹவுஸ் வெளக்குக்கு முன்ன ஒரு கொசு பறந்தா கொளச்சல்ல நின்னு காணுவியளா, அம்மா?"

"கொசுவ எப்பிடி காண?"

"காண ஏலாது. ஆனா வெளக்கு ஒரு பொடி மங்கும். அந்த மங்கல அளந்துதான் கோளு இருக்குன்னு அறியது. ஒரு தடவ மங்குனா வேற எதாவும் இருக்கலாம். ஒரே இடவெளி விட்டு மூணு தடவ மங்கணும். பூமி கணக்கா வருஷத்துக்கு ஒருக்கா சுத்துறதுன்னா வருஷக்கணக்குல காத்திருக்கணும்."

கோளு இழுக்கதுல நட்சத்திரமும் லேசா ஆடுமாம், அத வச்சும் கண்டுபிடிப்பாவளாம்.

அப்ப பிள்ள பொய் சொல்லல்ல. எனக்கு சிரிப்பா வந்துது. டீச்சருட்ட சொன்னேன், "எனக்க மாப்பிள்ள, ஷைனிக்க அப்பாவும் அப்பிடித்தான். கடலுல நின்னு பாத்து மலையும் கோயில் கோபுரமும் நேர்கோட்டுல வந்தா, அடியில பாறை இருக்குன்னு தூண்டி போடுவாரு. தண்ணிக்க உள்ள எட்டியே பாக்கமாட்டாரு." அவ அத நோட்டுல எழுதுனா.

பொறவு கேட்டேன், "மூணாவது மங்கலுக்கு எனக்க மவ அங்கயே காவல் நிக்கணுமா?"

"எதுக்கு? கருவி வானத்துல நிக்குது. கணக்கு கம்ப்யூட்டருல வரும். உங்க வீட்டுல இருந்தும் பாக்கலாமே."

கடலுல எறங்குனவன கரையில நின்னு விளிக்கப்பிடாதுன்னு எங்க ஊருல ஒரு மொற. கண்ணு மாறுனா மீன்பாடு பொயிரும்னு வச்சு, நாலு வருஷமா நா அவள 'வா'ன்னு ஒரு தடவகூட சொல்லல்ல.

மூணரைக்கு திரும்புற பஸ்ஸு. வில்லுக்குறி தாண்டுனதும் போன போட்டேன்.

"ஷைனி, இங்க இருந்தும் பாக்கலாமாமே."

"யாரும்மா சொன்னா?"

"காலேஜு டீச்சரு."

"உள்ளதுதாம்மா." மூக்க உறிஞ்சுனா. "அப்பாவ அடக்குனப்போ வரல்ல. இனி எந்த மொகத்தோட வர?"

"இருக்க மொகத்தோட வா, ஏட்டி. வேற மொகம் யாரு கேட்டா? வீட்டுக்கு வா."

நா சத்தமா சொல்லிட்டேன் போல, முன் சீட்டுக்காரி திரும்பி பாத்தா. பஸ்ஸு இரணியல் வந்தப்போ அவ சொன்னா, "டிக்கெட்டு பாக்கேம்மா."

பாக்கேன்னுதான் சொன்னா. வாறேன்னு சொல்லல்ல.

நாரோயிலுல எல்லாம் இருக்கு, கடலுக்க எரச்சல் மட்டும் இல்ல. அஞ்சு மணிக்கு கொளச்சல்ல எறங்குனதும் அது காதுல வந்து நெறஞ்சுது. வீட்டுக்கு போயி ஷைனிக்க ரூம தொறந்தேன். அவளுக்க கட்டிலுல ரெண்டு வருஷமா அப்பாவுக்க வலய குவிச்சு போட்டிருந்தேன். ஒத்தைக்கு இழுத்து இழுத்து அத வெளிய போட்டேன்.