அம்மாவுக்கு நாக்காக இருந்த ஐந்து மாதம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஏறக்குறைய ஐந்து மாதம் நான் எங்கள் அம்மாவுக்கு நாக்காக வேலை பார்த்தேன். பிறகு படித்துப் பட்டம் வாங்கி எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அந்த ஐந்து மாதத்தில் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைக்கவில்லை.

பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் எங்கள் வீடு. அம்மா பொதிச்சோறு கட்டி விற்றாள். வாட்டிய வாழையிலையில் சோறு வைத்து, அதன்மேல் தோரன், அவியல், உள்ளித்தீயல், ஓரத்தில் மாங்காய் ஊறுகாய் என்று வைத்துக் கட்டினால் அதுதான் பொதி. அப்பா துணிக்கடை வேலைக்குப் போகும்போது நெய்யாற்றின்கரையில் இரண்டு அலுவலகங்களில் கொடுத்துவிட்டுப் போவார். எட்டுப் பொதி நான் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு. பொதி கட்ட அப்பாவின் தங்கை, என் அத்தை, தினமும் வருவாள். அம்மாவின் தீயலைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எல்லாம் ஒரு நகத்தில் தொடங்கியது. எந்நேரமும் ஈரத்தில் கிடந்த கை அல்லவா, வலது கைப் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து ஓரம் உதிர ஆரம்பித்தது. பூஞ்சை என்று சொல்லி மருத்துவர் மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோறு விளம்புகிற கை பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்று அம்மாவும் ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். இரண்டாவது மாதம் முடியும்போது நகம் தெளிய ஆரம்பித்தது, நாக்கு செத்துப்போயிற்று.

முதலில் புளிக்குத்தான் ஏதோ கேடு என்று நினைத்துப் புதுப் புளி வாங்கினாள். அப்புறம் உப்பு தெரியவில்லை. பிறகு எதைத் தின்றாலும் சாவியை நக்கியது போல இருக்கிறதென்றாள். மாத்திரையால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் அதை அன்றே நிறுத்தச் சொன்னார். ருசி தானாகத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை நன்றாகத் தூங்கவும் நேரத்துக்குச் சாப்பிடவும் வேண்டும் என்றார். சிங்க் மாத்திரையும் ஒரு வைட்டமினும் எழுதினார். கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும், காலம்தான் இதற்கு மருந்து என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்பா அதையெல்லாம் அரசாணை போல எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கே எழுந்துகொண்டிருந்த அம்மாவை ஐந்து வரை படுக்கச் சொல்லிவிட்டு, விடியற்காலையில் தேங்காய் துருவுகிற வேலையைத் தான் ஏற்றார். அந்தத் துருவலில் சிரட்டைத் தூள் பாதி இருக்கும். அம்மா படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள், தூங்கியிருக்க மாட்டாள். மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரோடு குடிக்கக் கூடாது என்று யாரோ சொன்னதிலிருந்து, சோறு உண்ட பிறகு கையில் தண்ணீர் டம்ளரோடு எதிரே வந்து நிற்பார். எலுமிச்சை பிழிந்த கஞ்சி, தயிர், வேகவைத்த கடலை, எள்ளுருண்டை என்று அம்மா பசிக்காமலே மணி பார்த்துத் தின்றாள். அப்படியும் இளைத்தாள். ஒரே மாதத்தில் இரண்டு தடவை ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வெளியே தெரிந்தால் பிழைப்புப் போய்விடும் என்பதுதான் அம்மாவின் பெரிய கவலை. நாக்கு செத்தவள் வைக்கிற கறியை யார் வாங்குவார்கள்? ஒரு நாள் காலை என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“மக்களே, எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியல்ல. இனி நீதான் பாத்துச் சொல்லணும். அத்தைகிட்டகூடச் சொல்லப்பிடாது, கேட்டியா?”

அன்றிலிருந்து குளித்து, சீருடை போட்டு, அத்தை வருவதற்கு முன்பே நான் வேலையில் சேர்ந்துவிடுவேன். அம்மா கறியை அகப்பை நுனியில் எடுத்து என் உள்ளங்கையில் விடுவாள். நான் நக்கிப் பார்த்து உத்தரவு போடுவேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு எரிக்கிற காரம் ஆகாது, இனிப்பு பிடிக்கும். அதனால் அந்த மாதங்களில் நெய்யாற்றின்கரை குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒன்பது வயதுப் பெண்ணின் நாக்குக்குத் தக்கபடி சாப்பிட்டார்கள். ‘கொஞ்சம் மிளகு கூட இடலாமே’ என்று யாரோ சொன்னதாக அப்பா வந்து சொன்னபோது, அவர்களுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் ருசி பின்னால் சித்திரையில், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. அது சிங்க் மாத்திரையாலா, தூக்கத்தாலா, சும்மா நாள் போனதாலா என்று எங்கள் வீட்டில் இன்றும் வழக்குத் தீரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், மாசி மாதப் பொங்காலை அன்று நடந்தது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் வெளியில் அன்று பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுப்பு கூட்டி, புது மண்பானையில் பாயசம் வைப்பார்கள். பூசை செய்யும் கோயில் போற்றி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை யாரும் அதை வாயில் வைக்கக் கூடாது. அம்மனுக்குக் கொடுக்கும் முன் எச்சில் ஆகிவிட்டால் அந்தப் பானை பிறகு ஆகாது. அன்று காலை அம்மா நெடுநாளைக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தாள்.

“இண்ணைக்கு ஒனக்கு வேலை இல்ல மக்களே. இண்ணைக்கு ஒருத்தரும் ருசி பாக்கப்பிடாது. எல்லாரும் என்னைப் போலத்தான்.”

எனக்கு என்னவோ வேலையை விட்டு நீக்கியது போல இருந்தது. எங்கள் அடுப்புக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் என் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்த எட்டுப் பொதிக்கும் டீச்சர்தான் ஆள் கணக்கு சொல்லி அனுப்புவார். அரிசி வெந்து, வெல்லம் கரைந்து, பானை பொங்கியது. அம்மா அகப்பையைப் போட்டுக் கிளறிவிட்டு, கைப் பழக்கத்தில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற அதே பார்வை. நானும் அகப்பை நுனியில் விரலை வைத்து வழித்து, நக்கி, தினமும் சொல்வது போலச் சொன்னேன்.

“இனிப்பு காணாது அம்மா. இன்னும் ரெண்டு துண்டு போடணும்.”

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று டீச்சர் அம்மாவைக் கடிந்துகொண்டார். நாலைந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். அம்மாவைத் திட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் பக்கத்து நியாயத்தைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“வீட்டுல டெய்லி நான்தான் டீச்சர் பாக்கேன். அம்மைக்கு ருசியே தெரியாது.”

அத்தை ஒன்றும் புரியாமல் அம்மாவையே பார்த்தாள். அப்படியானால் நாங்கள் இத்தனை நாளாகத் தின்றது என்ன என்று டீச்சர் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறார் என்பது எனக்கே தெரிந்தது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“அது முன்ன உள்ள கதை டீச்சரே. இப்ப ருசி வந்தாச்சு. பிள்ளைக்கு அது தெரியாதாக்கும்.”

அத்தை ஓடிப்போய், திருவிழாக் கடையிலிருந்து ஒரு சின்னப் பானையும் வெல்லமும் வாங்கி வந்தாள். அந்த வெல்லம் கறுப்பாக இருந்தது. வழக்கமாக அம்மா ஒரு துணுக்கு கடித்துப் பார்க்காமல் வெல்லம் வாங்க மாட்டாள். அன்று கடித்தும் பயனில்லை, கடிக்கவும் கூடாது. போற்றி வருகிற நேரம் நெருங்கிவிட்டது. அம்மா மிச்சமிருந்த அரிசியை வேகவைத்து, அவசர அவசரமாக வெல்லத்தை உடைத்துப் போட்டு, நிறம் வந்ததா என்று மட்டும் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கோயில் நடையைப் பார்த்து நின்றேன். அம்மாவுக்கு ருசி வந்துவிட்டது என்பது பொய் என்று எனக்குத் தெரியும். என்னால்தான் அவள் பொய் சொல்ல நேர்ந்தது என்பதும் தெரியும். அழுகையாக வந்தது. என் நாக்கை எடுத்துக்கொண்டு அதை அம்மாவுக்குக் கொடுத்துவிடு என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வேறு கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

போற்றி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பக்கத்து அடுப்புக்காரர்கள் ஒருவருக்கொருவர் பாயசம் கொடுப்பது வழக்கம். எல்லாரும் எங்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அம்மா முதலில் தனக்கு எடுத்து, ஊதி, ஒரு வாய் குடித்தாள். ருசி தெரிகிறதா என்று ஒருத்தி கேட்டாள். நல்ல இனிப்பு என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொருவருக்கும் இலையை மடித்த கும்பிளில் ஊற்றிக் கொடுத்தாள்.

டீச்சர் ஒரு வாய் குடித்தார். குடித்ததும் சற்று நின்றார். அம்மாவைப் பார்த்தார், அவளுடைய தொளதொளத்த ரவிக்கைக் கையைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இலையை வழித்தார்.

“கொள்ளாம். நல்ல இனிப்பாக்கும். திங்கக்கிழமை எட்டுப் பொதியும் வழக்கம் போல வந்துரணும், கேட்டியா?”

அடுத்தவள் குடித்தாள், கொள்ளாம் என்றாள். அதற்கடுத்தவள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். அத்தை குடித்துவிட்டு, மயினி கைக்கு எப்போதும் ஒரே ருசிதான் என்று உரக்கச் சொன்னாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொங்காலைப் புகையில் யார் கண் கலங்கினாலும் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக என் பங்கு வந்தது. வாயில் வைத்தேன். உப்பு கரித்தது. வெல்லத்தில் உப்பு ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பேரும் இனிப்பு என்கிறார்கள், அம்மாவும் இனிப்பு என்கிறாள், எனக்கு மட்டும் கரிக்கிறது. அம்மன் என் நாக்கை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நான் முழுக்க நம்பினேன். பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லாமல், முகம் சுளிக்காமல், எல்லாவற்றையும் குடித்து முடித்தேன். அந்த வெளியில் அன்று எங்கள் பாயசம் குடித்தவர்களில் அம்மாவைத் தவிர எல்லாருக்கும் நாக்கு என்னுடையது போலவே நன்றாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.